டிஸ்குக்கு வாரண்டி உண்டு, படத்துக்கு இல்லை

வீட்டுச் சர்வரில் இடம் தீர்ந்துவிட்டது என்ற எச்சரிக்கை வந்ததும் பெரும்பாலோர் முதலில் தேடுவது பெரிய ஹார்டு டிஸ்கின் விலையைத்தான். எட்டு டெராபைட் போதுமா, பதினாறு வாங்கலாமா, எந்தக் கம்பெனி நல்லது, எந்தத் தளத்தில் தள்ளுபடி என்றே பேச்சு போகும். நாஸ் என்று கடைக்காரர்கள் சொல்லும் இந்தச் சின்னப் பெட்டி இன்று கணினித் துறை ஆட்களின் வீட்டில் மட்டும் இல்லை. கல்யாண வீடியோ எடுப்பவர், ஆடிட்டர், கட்டட வரைபடம் போடுபவர், பிள்ளைகளின் பத்தாண்டுப் படங்களைச் சேர்த்து வைத்திருக்கும் குடும்பம் என்று பலரிடம் இருக்கிறது. அதற்குள் கிடப்பவற்றில் பல, உலகில் வேறெங்கும் இல்லாதவை. அப்படியிருக்க, இடத்தைக் கூட்டும் வேலையை விலையும் கொள்ளளவும் பற்றிய கணக்காக மட்டும் பார்ப்பது ஆபத்து. டிஸ்க் கெட்டுப்போனால் விற்றவரிடமும் தயாரித்தவரிடமும் நியாயம் கேட்க நமக்குச் சட்டப்படி உரிமை இருக்கிறது. ஆனால் அந்த உரிமையால் கைக்கு வருவது டிஸ்கோ அதன் விலையோதான். உள்ளே இருந்த கோப்பைத் திருப்பித் தரும் சக்தி எந்த வாரண்டிக்கும் எந்த நுகர்வோர் ஆணையத்துக்கும் கிடையாது. ஆகவே புதிய டிஸ்குக்கென்று எடுத்து வைக்கும் பணத்தில் முதல் பங்கு இரண்டாவது பிரதிக்குப் போக வேண்டும். கூடுதல் இடம் அதற்குப் பிறகுதான்.

இதைச் சொன்னதும் வரும் மறுப்பு ஒன்று உண்டு. எங்கள் பெட்டியில் ரெய்டு போட்டிருக்கிறோம், ஒரு டிஸ்க் போனாலும் தரவு இருக்கும், பிறகு எதற்கு இன்னொரு பிரதி என்பார்கள். ரெய்டு செய்வது நல்ல வேலைதான், அதில் சந்தேகம் இல்லை. பல டிஸ்குகளைச் சேர்த்து ஒன்றுபோல் காட்டி, அவற்றில் ஒன்று செத்தாலும் சர்வர் நிற்காமல் ஓட வழி செய்கிறது. ஆனால் அது காப்பது டிஸ்க் சாவு என்ற ஒரே ஒரு விபத்திலிருந்து. வீட்டில் யாரோ ஒருவர் தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால், இரட்டைப் பிரதியாக ஓடும் இரண்டு டிஸ்கிலும் அது அதே நொடியில் அழிகிறது. வைரஸ் கோப்புகளைப் பூட்டினால் எல்லா டிஸ்கிலும் பூட்டப்படுகிறது. திருட்டு, வெள்ளம், தீ, மின்னல், பெட்டியின் மென்பொருள் கோளாறு ஆகியவை டிஸ்க் டிஸ்காகப் பார்த்து வருவதில்லை. கம்பெனிகளின் விளம்பரம் பாதுகாப்பு என்ற சொல்லைத் தாராளமாகப் பயன்படுத்துவதால், வாங்குபவர் ரெய்டையே பேக்கப் என்று நம்பிவிடுகிறார். தரவை இழந்தவர்களில் இப்படி நம்பி இருந்தவர்கள் ஏராளம்.

இன்னொரு சிக்கல் இருக்கிறது. இடத்தைக் கூட்டும் நாட்களில்தான் ரெய்டு தன் பலத்தை இழந்து நிற்கிறது. நான்கு எட்டு டெராபைட் டிஸ்குகள் ரெய்டு 5 முறையில் ஓடும் ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அவற்றைப் பதினாறு டெராபைட்டாக மாற்ற வழக்கமாகச் சொல்லப்படும் வழி, ஒவ்வொன்றாகக் கழற்றிப் புதியதைப் போட்டு, பழைய உள்ளடக்கம் அதில் திரும்ப எழுதப்படும்வரை காத்திருப்பது. எட்டு டெராபைட்டை வினாடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் இடைவிடாமல் எழுதினாலே பதினோரு மணி நேரம் ஆகும். டிஸ்கின் உள்வட்டத்துக்குப் போகப் போக வேகம் குறையும். வீட்டார் அதே நேரத்தில் படம் பார்த்துக்கொண்டும் ஃபோன் படங்களை ஏற்றிக்கொண்டும் இருந்தால் இன்னும் இழுக்கும். இதை நான்கு முறை செய்ய வேண்டும். அதாவது குறைந்தது இரண்டு நாள், நடைமுறையில் நான்கு நாள்கூட, இன்னொரு டிஸ்க் போனால் எல்லாமே போகும் என்ற நிலையில் சர்வர் ஓடுகிறது. அந்த நேரத்தில்தான் மிச்சமுள்ள மூன்று டிஸ்குகளும் முதல் செக்டாரிலிருந்து கடைசி வரை படிக்கப்படுகின்றன. அவை பெரும்பாலும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கிய, ஒரே வயதுடைய டிஸ்குகள். வீட்டுக்கான பல டிஸ்குகளின் குறிப்பேட்டில், பத்தின் பதினான்காம் அடுக்கு பிட்டுகளைப் படிப்பதற்குள் அதிகபட்சம் ஒரு படிப்புப் பிழை வரலாம் என்று தயாரிப்பாளரே எழுதியிருப்பார். கணக்குப் போட்டால் அது 12.5 டெராபைட். நம் எடுத்துக்காட்டில் ஒவ்வொரு சுற்றிலும் 24 டெராபைட் படிக்கப்படுகிறது. நல்ல நிலையில் உள்ள டிஸ்குகள் இந்த எல்லையை விட எவ்வளவோ நன்றாக நடந்துகொள்கின்றன என்பதும் உண்மைதான். ஆனாலும் வேறு பிரதி இல்லாத ஒருவர் இந்த நான்கு நாட்களை அதிர்ஷ்டத்தின் பொறுப்பில் விடுகிறார்.

இந்த ஆபத்தைக் குறைக்க வழிகள் உண்டு. மாற்றத் தொடங்கும் முன் ஸ்க்ரப் என்ற முழுப் பரிசோதனையை ஓட்ட வேண்டும்; பல ஆண்டுகளாகத் தொடப்படாத கோப்புகள் கிடக்கும் மூலையில் கெட்டுப்போன செக்டார் இருந்தால் அது அப்போதே தெரியட்டும். அடுத்து ஒவ்வொரு டிஸ்கும் தன் நிலையைப் பதிந்து வைக்கும் ஸ்மார்ட் அறிக்கையைத் திறந்து பார்க்க வேண்டும். பட்டியலைப் பார்த்து மிரள வேண்டாம். 5 என்ற எண்ணுள்ள வரி, மாற்றி ஒதுக்கப்பட்ட செக்டார்களைச் சொல்கிறது. 197, படிக்க முடியாமல் நிலுவையில் நிற்பவை. 198, சரிசெய்ய முடியாதவை. இந்த மூன்றிலும் பூஜ்யம் இருந்தால் நிம்மதி. ஏதாவது ஒன்றில் எண் ஏறிக்கொண்டே போனால் அந்த டிஸ்கை முதலில் மாற்றுங்கள். 199 மட்டும் கூடினால் பெரும்பாலும் கேபிளின் கோளாறு, டிஸ்கைக் குறை சொல்ல வேண்டாம். பெட்டியில் காலி இடம் ஒன்று இருந்தால் பழைய டிஸ்கைக் கழற்றாமலே புதியதை அருகில் பொருத்தி உள்ளடக்கத்தை மாற்றச் சொல்லலாம். லினக்ஸின் எம்டிஏடிஎம், இசட்எஃப்எஸ் என்ற சேமிப்பு மென்பொருள்கள் இரண்டிலும் இந்த வசதி இருக்கிறது. அப்படிச் செய்தால் மாற்றும் நேரத்திலும் ரெய்டின் பாதுகாப்பு குறையாது. ஒவ்வொரு டிஸ்கின் சீரியல் எண்ணையும் அதன் தட்டின் முகப்பில் எழுதி ஒட்டிவிடுவதும் அவசியம். கெட்ட டிஸ்க் என்று நினைத்து நல்ல டிஸ்கை உருவிவிட்டதால் போன தரவுகள் கொஞ்சமல்ல.

இனி வாங்கும் பொருளைப் பற்றி. அட்டையில் எழுதியிருப்பது முழு உண்மை என்று நம்பி வாங்கியவர்கள் 2020 ஏப்ரலில் ஒரு அதிர்ச்சியைச் சந்தித்தார்கள். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வகை டிஸ்குகளில், இரண்டு முதல் ஆறு டெராபைட் வரையிலான சில மாடல்களில், எஸ்எம்ஆர் என்ற பதிவு முறையை வெளியில் சொல்லாமல் சேர்த்திருந்தது. இந்த முறையில் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்கும்; ஒரு தடத்தைத் திருத்த வேண்டுமானால் பக்கத்துத் தடங்களையும் சேர்த்து எழுத வேண்டும். சாதாரண உபயோகத்தில் வித்தியாசம் தெரியாது. ரெய்டில் புதிய டிஸ்கை நிரப்பும்போது தெரியும். ஒரு தொழில்நுட்ப இதழ் நடத்திய சோதனையில், வழக்கமான சிஎம்ஆர் டிஸ்க் ஒரு நாளுக்குள் முடித்த வேலைக்கு எஸ்எம்ஆர் டிஸ்க் ஒன்பது நாளுக்கு மேல் எடுத்தது. பாதுகாப்பு இல்லாத ஒன்பது நாள்! எதிர்ப்பு கிளம்பிய பிறகு நிறுவனம் பட்டியலை வெளியிட்டது, சிஎம்ஆர் டிஸ்குகளை ரெட் பிளஸ் என்ற பெயரில் தனியாகப் பிரித்தது. சீகேட், தோஷிபா நிறுவனங்களின் மேசைக்கணினி டிஸ்குகள் சிலவற்றிலும் இதே முறை சொல்லப்படாமல் இருந்தது அப்போதுதான் வெளிவந்தது. அமெரிக்காவில் வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட்டு அது சமரசத்தில் முடிந்தது. டிஸ்க் ஒன்றுக்குக் கைக்கு வந்தது சில டாலர்கள். மாடல் எண்ணை முழுதாக எழுதிக்கொண்டு, அது சிஎம்ஆர் வகைதானா என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டில் பார்த்த பிறகே பணம் கட்டுங்கள்.

பழையதைப் புதியதாக விற்பது இதைவிட நேரடியான மோசடி. 2025 தொடக்கத்தில் ஜெர்மனியில் வெளிவந்த செய்தி இது: பதினைந்தாயிரம் மணி நேரத்துக்கு மேல் ஓடித் தேய்ந்த சீகேட் டிஸ்குகள், ஓடிய நேரக் கணக்கு பூஜ்யமாக்கப்பட்டு, புதியவை என்று கடைகள் வழியாக விற்கப்பட்டிருந்தன. சியா என்ற மின்னணு நாணயத்தைத் தோண்டப் பயன்படுத்தித் தள்ளப்பட்ட டிஸ்குகளாக இருக்கலாம் என்ற சந்தேகம் எழுந்தது. ஸ்மார்ட் அறிக்கையை அழித்தவர்கள், சீகேட் டிஸ்குக்குள் ஃபார்ம் என்ற பெயரில் தனியாக இருக்கும் இன்னொரு பதிவேட்டை அழிக்காமல் விட்டதால்தான் மோசடி அம்பலமானது. ஸ்மார்ட்மான்டூல்ஸ் என்ற இலவச மென்பொருளின் 7.4 பதிப்பிலிருந்து இந்தப் பதிவேட்டையும் யாரும் படிக்கலாம். டிஸ்க் வந்த அன்றே செய்ய வேண்டிய வேலைகள் இவை: பெட்டியைப் பிரிப்பதை ஃபோனில் வீடியோ எடுங்கள், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டு வாரண்டி எந்தத் தேதி வரை, எந்த நாட்டுக்கு என்று பாருங்கள், ஓடிய மணி நேரத்தைப் படியுங்கள், பிறகு இரண்டு மூன்று நாள் முழு எழுத்துப் பரிசோதனை ஓட்டுங்கள். சென்னை ரிச்சி தெருவில் வாங்கினாலும் இணையத்தில் வாங்கினாலும், அட்டையில் இறக்குமதியாளரின் பெயர், முகவரி, எந்த நாட்டுத் தயாரிப்பு, அதிகபட்ச விலை, வாடிக்கையாளர் தொடர்பு விவரம் ஆகியவை அச்சாகியிருக்க வேண்டும் என்பது எடையளவுச் சட்ட விதி. அவை இல்லாத டிஸ்க் பெரும்பாலும் வேறு வழியாக வந்தது; விலை குறைவாக இருக்கும், வாரண்டி கேட்கப் போனால் இந்த நாட்டில் செல்லாது என்ற பதில் வரும். கொள்ளளவு குறைவாகத் தெரிகிறதே என்று மட்டும் புகார் செய்ய வேண்டாம். பதினாறு டெராபைட் டிஸ்க் விண்டோஸில் 14.55 என்று காட்டுவது கணக்கிடும் முறையால்தான், மோசடியால் அல்ல.

சட்டம் இந்த இடத்தில் நுகர்வோர் பக்கம் தெளிவாகவே நிற்கிறது. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதியது என்று சொல்லி விற்பதை முறையற்ற வணிகம் என்றே வரையறுத்திருக்கிறது. பில் தர மறுப்பதும் அதில் அடங்கும். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் முப்பது நாளுக்குள், திரும்ப எடுத்துக்கொள்ள மறுப்பதும் அப்படியே. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று பில்லில் சிவப்பு முத்திரை குத்திவிட்டால் கடைக்காரர் தப்பிவிட முடியாது. இணைய வணிகத் தளத்தின் குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்ய வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும் என்பது 2020 இணைய வணிக விதி. அங்கே நடக்கவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. பல புகார்கள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடுகின்றன. அதற்கும் அசையாதவர்கள் மீது மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நாம் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே போடலாம். பொருளின் விலை ஐந்து இலட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே மனுப் பதியலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் வர வேண்டும் என்பதை மறக்கக் கூடாது. தொழிலுக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று மறுதரப்பு வாதிடலாம். சொந்தப் பிழைப்புக்காகத் தானே உழைத்து நடத்தும் சுயதொழிலுக்கு வாங்கியவரைச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது என்பதைக் கல்யாண வீடியோ எடுப்பவர்களும் வீட்டிலிருந்து வேலை செய்யும் வரைபடக் கலைஞர்களும் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

உரிமைகளை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம், அவற்றைக் கேட்டு வாங்காமல் விடுபவர்களே அதிகம் என்பதுதான். ஆனால் எல்லாம் கிடைத்தாலும் என்ன கிடைக்கும் என்று பாருங்கள். டிஸ்கின் விலை, அல்லது மாற்று டிஸ்க், ஆணையம் நியாயம் என்று கருதினால் மன உளைச்சலுக்கும் செலவுக்கும் ஒரு தொகை. டிஸ்க் கம்பெனிகளின் வாரண்டி வாசகம் எதைப் படித்தாலும், உள்ளே இருந்த தரவுக்குப் பொறுப்பில்லை என்ற வரி இருக்கும். மாற்றாக வரும் டிஸ்க் பெரும்பாலும் புதுப்பிக்கப்பட்டதாக இருக்கும். அதற்குப் புதிய வாரண்டி கிடையாது, பழையதன் மிச்சக் காலமே ஓடும். இன்னொன்றையும் பலர் யோசிப்பதில்லை: வாரண்டிக்குக் கொடுத்த டிஸ்க் திரும்பி வராது. அதிலுள்ள வங்கிக் கணக்கும் குடும்பப் படமும் மருத்துவ அறிக்கையும் அதோடு போகின்றன, செத்த டிஸ்கை அழித்துவிட்டுக் கொடுக்கவும் வழியில்லை. ஆரம்பத்திலேயே முழு டிஸ்கையும் குறியாக்கம் செய்து வைப்பதே இதற்குத் தீர்வு. டிஸ்கோடு தரவு மீட்புச் சேவையும் சேர்த்து விற்கிறார்களே என்று கேட்கலாம். சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வகையில் மூன்றாண்டு மீட்புச் சேவை சேர்ந்து வருவது உண்மை. அது மீட்க முயல்வதற்கான ஒப்பந்தம்தான், மீட்டுத் தருவதற்கான உத்தரவாதம் அல்ல. தட்டில் கீறல் விழுந்துவிட்டால் எந்த ஆய்வகமும் ஒன்றும் செய்ய முடியாது.

2021 ஜூனில் நடந்தது இதற்குக் கண்கூடான சாட்சி. வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் பெட்டி வைத்திருந்த உலகெங்குமுள்ள பலர், ஒரு காலையில் திறந்து பார்த்தபோது பெட்டி காலியாக இருந்தது. இணையம் வழியே புகுந்தவர்கள் மென்பொருள் ஓட்டையைப் பயன்படுத்தி, தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அவற்றைத் திருப்பிவிட்டிருந்தார்கள். அந்தப் பெட்டிகளுக்கு 2015இலேயே பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயிருந்தன. நிறுவனம் இலவச மீட்புச் சேவையும் தள்ளுபடியில் புதுப் பெட்டியும் தர முன்வந்தது, அது பாராட்டத்தக்கதே. ஆனாலும் எல்லாருக்கும் எல்லாம் திரும்ப வந்துவிடவில்லை. அதே ஆண்டு ஏப்ரலில் கியூநாப் நிறுவனத்தின் பெட்டிகளைத் தாக்கிய கியூலாக்கர் என்ற வைரஸ், கோப்புகளைக் கடவுச்சொல் போட்ட 7-ஜிப் பொதிகளாக மாற்றிப் பணம் கேட்டது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் வந்தது, பெட்டிக்கு 0.03 பிட்காயின் கேட்டார்கள். இப்படி நடந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணில் உடனே புகார் செய்யுங்கள், அது கடமையும்கூட. நெதர்லாந்து போலீசார் டெட்போல்ட் ஆட்களையே ஏமாற்றி நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட திறவுகோல்களைப் பறித்தது, புகார் கொடுத்தவர்கள் இருந்ததால்தான் சாத்தியமாயிற்று. எனினும் உங்கள் கோப்பு அந்த நூற்றைம்பதில் இருக்கும் என்று நம்பி வாழ முடியாது. இடத்தைக் கூட்டத் திட்டமிடும்போதே, பெட்டியை இணையத்துக்கு நேரடியாகத் திறந்துவிடும் ரவுட்டர் அமைப்பு இருந்தால் மூடுங்கள். வெளியிலிருந்து பார்க்க வேண்டுமானால் விபிஎன் வழியாகப் பாருங்கள். எந்த ஆண்டு வரை திருத்தங்கள் வரும் என்று கம்பெனி சொல்லாத பெட்டியில் புதிய டிஸ்குக்காகப் பணம் கொட்டாதீர்கள்.

பெட்டியைப் பற்றிய இன்னொரு எச்சரிக்கையும் தேவை. டிஸ்க் நம்முடையதாக இருந்தாலும், எந்த டிஸ்க் ஏற்கப்படும் என்பது பெட்டிக்காரர் கையில் இருக்கிறது. சினாலஜி நிறுவனம் 2025இல் வெளியிட்ட பிளஸ் வகைப் பெட்டிகளில், தான் அங்கீகரித்த பட்டியலில் இல்லாத டிஸ்குகளைக் கொண்டு புதிய சேமிப்பகம் அமைக்க முடியாதபடி கட்டுப்பாடு வைத்தது. பயனர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். அந்த ஆண்டு அக்டோபரில் மென்பொருளின் 7.3 பதிப்போடு கட்டுப்பாடு தளர்த்தப்பட்டது. கூடிக் குரல் கொடுத்தால் பயன் உண்டு என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் அந்த ஆறு மாதத்தில் வாங்கியவர்கள் கூடுதல் விலை கொடுத்தார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தாங்களே சர்வர் அமைப்பவர்களுக்கு இந்தக் கட்டு இல்லை. இசட்எஃப்எஸ் பயன்படுத்துவோர் ரெய்டுஇசட் என்ற அதன் ரெய்டு தொகுப்பில் ஒரு டிஸ்கை மட்டும் கூடுதலாகச் சேர்ப்பதும் 2025 ஜனவரியில் வந்த 2.3 பதிப்பிலிருந்து முடிகிறது.

இரண்டாவது பிரதி என்றால் செலவும் இரண்டு மடங்குதானே என்பது நியாயமான கேள்வி, நடுத்தரக் குடும்பத்துக்கு அது பெரிய கேள்வியும்கூட. கணக்கை வேறு மாதிரிப் போட வேண்டும். சர்வரில் கிடப்பதெல்லாம் ஒரே மதிப்புள்ளவை அல்ல. இறக்கி வைத்த சினிமா, மென்பொருள் கோப்பு, ஓடிடியில் திரும்பப் பார்க்கக்கூடிய தொடர் ஆகியவை போனால் மறுபடி கிடைக்கும்; அவற்றுக்குப் பிரதி வேண்டாம். நாமே எடுத்த படம், வீடியோ, குரல் பதிவு, பத்திரம், பட்டா, கணக்கு ஆகியவைதான் போனால் திரும்பாதவை. இந்த இரண்டாவது வகையைத் தனி ஃபோல்டராகப் பிரித்துப் பாருங்கள். பல வீடுகளில் மொத்தத்தில் அது சிறு பங்காகவே இருக்கும். வளர்ச்சியையும் கணக்கிடலாம்: 4கே தரத்தில் எடுக்கும் ஐஃபோன் வீடியோ, சிக்கன முறையில், நிமிடத்துக்கு ஏறக்குறைய 170 மெகாபைட் ஆகும், மணிக்குப் பத்து ஜிகாபைட். ஆண்டுக்கு ஐம்பது மணி நேரம் எடுக்கும் குடும்பத்துக்குக்கூட அரை டெராபைட்தான். இந்தக் கணக்கைப் போடாமல் நான்கு பதினாறு டெராபைட் டிஸ்க் வாங்குகிறவர், தேவையில்லாத இடத்துக்குப் பணம் கட்டிவிட்டு, தேவையான பிரதிக்குப் பணம் இல்லை என்கிறார். அந்த வீட்டுக்கு இரண்டு எட்டு டெராபைட் டிஸ்க் இரட்டைப் பிரதியாகவும், வெளியில் செருகும் இரண்டு நான்கு டெராபைட் டிஸ்க் பேக்கப்புக்கும் போதும். நான்கு பெரிய டிஸ்குகளை விட இதற்குச் செலவு குறைவு, பாதுகாப்பு எவ்வளவோ கூடுதல்.

மாதம் ஒரு தொகை கட்டினால் கிளவுடில் எல்லாம் இருக்குமே, வீட்டில் சர்வர் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. முக்கியமான கோப்புகளின் வெளியூர்ப் பிரதியாக கிளவுடைப் பயன்படுத்துவதை நான் முழுமனதாக ஆதரிக்கிறேன். ஒரே பிரதியாக அதை நம்புவதைத்தான் ஏற்க முடியாது. ஃபோனோடு ஒத்திசையும் சேவையில், ஃபோனில் அழித்தால் அங்கேயும் அழியும். குப்பைத்தொட்டியில் சில வாரம் இருந்துவிட்டு நிரந்தரமாகப் போய்விடும். இரண்டு ஆண்டு பயன்படுத்தாத தனிநபர் கணக்கை உள்ளடக்கத்தோடு நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023இல் கொண்டுவந்தது. இறந்துபோன பெற்றோரின் கணக்கில் கிடக்கும் படங்களை நினைத்துப் பாருங்கள். கணக்கு முடங்கினால் யாரிடம் முறையிடுவது என்பதும் சாதாரண மனிதருக்குத் தெளிவாக இல்லை.

பிரதி எங்கே இருக்கிறது என்பதும், பிரதி இருப்பதைப் போலவே முக்கியம். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்ற விதியைப் பரப்பியவர் பீட்டர் க்ரோக் என்ற அமெரிக்கப் புகைப்படக் கலைஞர். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் தரைத்தள வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, மேசைக்கடியில் இருந்த சர்வரும் அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்த பேக்கப் டிஸ்கும் சேர்ந்தே நனையும் வாய்ப்பு எத்தனை வீடுகளில் இருந்திருக்கும்! ஒரு டிஸ்க் மதுரையில் இருக்கும் அக்கா வீட்டிலோ கோவையில் படிக்கும் மகனிடமோ இருக்கட்டும். பண்டிகைக்குப் போய்வரும்போது மாற்றிக்கொள்ளலாம். குறியாக்கம் செய்துவிட்டால் அது தொலைந்தாலும் யாராலும் படிக்க முடியாது. கடவுச்சொல்லை எழுதிப் பத்திரங்களோடு வைத்து, வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லி வையுங்கள். வீட்டுக்குள் இருக்கும் பேக்கப் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றிவிட வேண்டும். எப்போதும் செருகியே இருக்கும் டிஸ்கை வைரஸும் மின்னலும் விட்டுவைக்காது. மின்வெட்டைப் பற்றியும் ஒரு சொல்: மாற்று வேலை நடக்கும் நாட்களில் யுபிஎஸ் இல்லாமல் இருக்கக் கூடாது. யுஎஸ்பி வழியாகச் சர்வருக்குத் தகவல் சொல்லி ஒழுங்காக அணைக்க வைக்கும் வகையைப் பார்த்து வாங்குங்கள். வெறும் இன்வெர்ட்டர் பலவற்றில் மின்சாரம் மாறும் கண இடைவெளியே சர்வரை மறுதொடக்கம் செய்துவிடப் போதுமானது.

ஒருவேளை டிஸ்க் டக் டக் என்று சத்தம் போட ஆரம்பித்தால், அல்லது பெட்டி இரண்டு டிஸ்க் போய்விட்டது என்று காட்டினால், உடனே அணையுங்கள். திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பதும், கழற்றிப் பார்ப்பதும், பழுதுநீக்கு மென்பொருளை அந்த டிஸ்கிலேயே ஓட்டுவதும் மீட்கக்கூடியதையும் மீட்க முடியாததாக்கிவிடும். மீட்பு ஆய்வகத்துக்குக் கொடுப்பதற்கு முன், மீட்க முடியாவிட்டால் எவ்வளவு கட்டணம், தரவின் ரகசியத்துக்கு என்ன உறுதி, டிஸ்க் திரும்ப வருமா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

புதிய தொகுப்பு ஓடத் தொடங்கிய மகிழ்ச்சியில் பழைய டிஸ்குகளை உடனே அழித்து விற்றுவிடுவதும் தவறு. சில மாதம் அவற்றை அப்படியே எடுத்து வையுங்கள்; நகர்த்தும்போது விடுபட்ட ஃபோல்டர் எது என்பது ஒரு வருமான வரிக் காலமோ ஒரு கல்யாண நாளோ வரும்போதுதான் தெரியும். பிறகு முழுதாக மேலெழுதி அழித்துவிட்டு விற்கலாம், செத்துப்போனவற்றை அங்கீகாரம் பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் சேர்க்கலாம்.

பெரிய டிஸ்க் வாங்கப் பணம் எடுத்து வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆர்டர் போடும் முன், இன்று இரவே, உங்கள் பேக்கப் டிஸ்கை சர்வரோடு சம்பந்தமே இல்லாத வேறொரு கணினியில் செருகுங்கள். ஐந்து ஆண்டுக்கு முந்தைய படம் ஒன்று, போன மாதத்து வீடியோ ஒன்று, ஒரு பத்திரத்தின் நகல், இப்படிப் பத்துக் கோப்புகளைத் திறந்து பாருங்கள். பத்தும் திறந்தால் டிஸ்க் வாங்குங்கள். ஒன்று திறக்காவிட்டாலும், அல்லது செருகுவதற்குப் பேக்கப் டிஸ்க்கே இல்லாவிட்டாலும், அந்தப் பணத்தில் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.